உப்புக் கணக்கு

குளியலறையில் வழுக்கி
இந்திராணிக்கு வலது மணிக்கட்டு முறிந்த மாதம்
கணக்குப் புத்தகம் என் கைக்கு வந்தது.

தேதி போன காலண்டர் தாள்களின் முதுகைச்
சேர்த்துத் தைத்த புத்தகம்.
பெருங்காய வாசம்.
மேலே ஒற்றை வரியில் சம்பளம்.
அதற்குக் கீழே நாங்கள்.

வீட்டு லோன். லைட் பில். தண்ணீர்.
லோஷினிக்கு ஹாஸ்டல், நூற்றைம்பது.
காஸ் தோம்பு முப்பத்தொன்பது நாள் வந்தது,
போன தடவை நாற்பத்து மூன்று,
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.
அது நான் காய்ச்சலில் வெந்நீர் போட்ட வாரம்.
சார்டின் டின் இரண்டு. ஒன்றில் மூன்று மீன்தான், மாற்றிக் கேட்க வேண்டும்.
கூட்டுப் பணம் நூறு. ஒன்பதாம் மாதம் நம் முறை.
அதற்கு இப்போதே ஓர் அம்புக்குறி:
கூரை ஒழுக்கு.

நான் செம்பனை ஆலையில் லாரி நிறுப்பவன்.
பழத்தோடு ஒரு தடவை, வெறும் வண்டியாய் ஒரு தடவை,
கழித்தால் வருவதே உண்மை என்று
இருபத்திரண்டு வருடமாய்ச் சீட்டுக் கிழிப்பவன்.
இந்தக் கணக்கா எனக்குப் பெரிது?

எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி வாங்கினேன்.
பகாவ் டவுனில் ஆ லெக் கடை.
அரிசி, சீனி, ஒரு கிலோ பெரிய வெங்காயம்,
உப்பு நாலு பாக்கெட்.
ஆ லெக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"ஊறுகாய் வியாபாரமா, அண்ணே?"

மேசையில் நாலையும் வரிசையாக வைத்தேன்.
மாவுக்கட்டுக் கையோடு வந்தவள்
உப்பைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
அடுப்பில் ஒன்றுமே இல்லாத சட்டியை
இடது கையால் கிண்டப் போனாள்.

அன்றிரவு பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
மாதம் தவறாமல் உப்பு நாலு, ஐந்து வெள்ளி.
வீட்டில் இருப்பது இரண்டு வாய்,
அதில் ஒன்றுக்கு ரத்த அழுத்தம்.
கிளினிக் நர்ஸ் திட்டித் திட்டிக்
குழம்பு சப்பென்று ஆகி வருடம் மூன்று.
ஏறியதற்குச் சீட்டு இருக்கிறது,
இறங்கிய இடம் எங்கே?

கேட்கத்தான் வாயெடுத்தேன்.
அதே பக்கத்தில், அதே கையெழுத்தில்,
மூன்று வரி தள்ளி:
மோட்டார் பஞ்சர், ஆறு வெள்ளி.
போன சனிக்கிழமையும் பஞ்சர்.
அதற்கு முந்திய சனிக்கிழமையும்.
நான் சொன்னது சொன்னபடி,
ஒரு கேள்விக்குறிகூட இல்லாமல்.

பகாவ் சாலையில் அவ்வளவு ஆணி கிடையாது.
நாலு நம்பர் கடைதான் இருக்கிறது.

அவள் உப்பு ஐந்து. என் ஆணி இருபத்து நாலு.
பழக்க தோஷம், கழித்துப் பார்த்தேன்.

விளக்கை அணைத்ததும்
கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவள்
கேட்காமலே சொன்னாள்:
"மாசத்துக்கு ஒரு ஐஸ் கச்சாங்.
மார்க்கெட் மேல்மாடியில, காத்தாடிக்கு நேர் கீழ.
யாருக்கும் ஒரு கரண்டி பங்கு வைக்காம."
கொஞ்சம் கழித்து,
"ஜாகோங் கூடப் போடச் சொல்வேன்."

இருபத்தாறு வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்டு
அவளுக்குச் சோளம் பிடிக்கும் என்பது
எந்த வரியிலும் எனக்கு வரவில்லை.

அலமாரியில் நாலு பாக்கெட் உப்பு
தீபாவளி தாண்டியும் வரும்.
ஆனாலும் புது மாதத்தில்,
என் கோணல் எழுத்தில்,
உப்பு நாலு என்றுதான் எழுதினேன்.
விலை ஏறிவிட்டது, ஏழு வெள்ளி.

பஞ்சர் இரண்டுதான்.
டயர் இப்போது பரவாயில்லை.